பூட்டக் கூடாத அலமாரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப் பிராணி. என் மனைவி இதைக் கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "பால் பொங்கினாக்கூட யார் பொங்க வெச்சதுன்னு விசாரிக்கிற ஆளு நீங்க" என்பாள். ஸ்டோர் கீப்பராக இருப்பவனுக்கு அந்தக் குணம் இல்லாவிட்டால் பத்தே நாளில் ஸ்டோரில் நாலு சுவர்தான் மிஞ்சும். இந்த எண்ணெய்க் கிடங்கில் இருபத்தொரு வருடம் சாவிக்கொத்து என் இடுப்பில்தான் கிடந்தது. ஒரு போல்ட், ஒரு வாஷர்கூட எண்ணிக்கையில் உதைத்ததில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மஞ்சள் அலமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். பதினொரு விரிப்பு குறைந்தது.

அந்த அலமாரியைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. கிடங்கில் மூன்று பெரிய டீசல் தொட்டிகள். பக்கத்தில் பம்ப் அறை. அதற்கு எதிரே லாரிகள் நிரப்பிக்கொண்டு போகிற சிமென்ட் முற்றம். முற்றத்தின் ஓரத்தில், மழைத் தண்ணீர் இறங்குவதற்கு ஒரு இரும்புச் சல்லடை. அதில் இறங்குகிற தண்ணீர் பின்சுவரைத் தாண்டிக் கால்வாயில் விழும், கால்வாய் ஆற்றில் சேரும். சேர்கிற இடத்துக்குச் சற்றுக் கீழேதான் ஊருக்கெல்லாம் குடிதண்ணீர் எடுக்கிற நீரேற்று நிலையம் இருக்கிறது. சல்லடைக்குள் எண்ணெய் போனால் நாற்பது நிமிடத்தில் ஊர்க் குழாயின் வாசலில் போய் நிற்கும் என்று எங்கள் அவசரத் திட்டத் தாளில் அச்சடித்திருக்கிறது.

அப்படிப் போய்விடாமல் தடுக்கத்தான் அந்த அலமாரி. எண்ணெயை மட்டும் குடிக்கிற வெள்ளை விரிப்பு நூறு. அதே சரக்கை நீளமான குழலில் அடைத்த ஆறு உருட்டு, அதை நாங்கள் மலைப்பாம்பு என்போம். சல்லடையை மூட இரண்டு ரப்பர் பாய். கையுறை, மண்வெட்டி. கதவில் சிவப்பு எழுத்தில் "பூட்டக் கூடாது" என்று எழுதியிருக்கும். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் இழுத்துத் திறக்க வேண்டும் என்பதால் ஒரு மெல்லிய கம்பிச் சீல் மட்டும்தான். இழுத்தால் அறுந்துவிடும். புதுச் சீல் என்னிடம் மட்டும்தான் இருக்கும்.

சீல் அறுபடவே இல்லை. கிட்டப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கம்பியை நிதானமாகப் பிரித்து, எடுத்துக்கொண்டு, மறுபடி பழைய மாதிரியே முறுக்கி வைத்திருக்கிறான் யாரோ ஒரு கெட்டிக்காரன். எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

முதலில் லாரிக்காரர்கள்மேல்தான் சந்தேகம் வந்தது. இஞ்சின் துடைக்க இந்த விரிப்பைப் போல வேறு துணி கிடையாது. ஆனால் அவர்கள் முற்றத்தைத் தாண்டி வருவதில்லை. அடுத்தது கிடங்கைப் பெருக்குகிற அக்கா. தேநீர் குடிக்கிற இடத்தில் மெல்லப் பேச்சை எடுத்தேன்.

"அக்கா, அலமாரிப் பக்கம் போற வேலை ஏதாவது இருக்கா உங்களுக்கு?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "ஏன், என்ன காணோம்?"

"விரிப்பு பதினொண்ணு."

"என் வீட்ல என்ன லாரியா ஓடுது, எண்ணெய் துடைக்க? வேற யாரும் கிடைக்கலன்னா உடனே தொடப்பம் பிடிக்கிறவதான் கண்ணுக்குத் தெரிவா." அதற்கப்புறம் இரண்டு நாள் ஸ்டோர் வாசலை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்கினார். குப்பை அங்கேயே கிடந்தது. என் வாய்க்கு அது வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை எண்ணினேன், பதினாறு குறைந்தது. அன்றைக்குச் சாயங்காலம்தான் மாப்பிள்ளையின் ஸ்கூட்டரில் அந்த மூட்டையைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். பம்ப் ஆபரேட்டர். ஆறு வருடத்துக்கு முன்னால் மேலாளரின் அறை வாசலில் நாலு நாள் நின்று, "நல்ல பையன் சார், நான் பொறுப்பு" என்று சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். இரண்டு தடவை கேட்டால் பாதிப் பதில் வரும், மீதியை நாம்தான் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். கிடங்கு வாசலில் "விபத்தில்லா நாட்கள்" என்று ஒரு பலகை இருக்கிறது. மேலாளர் தினமும் காலையில் தன் கையாலேயே எண்ணை மாற்றுவார். அந்த வாரம் தொள்ளாயிரத்து எண்பதுகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரம் தொட்டதும் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், அன்றைக்கே மாப்பிள்ளையை ஃபோர்மேன் ஆக்குவதாகப் பேச்சு. என் தங்கை தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். "உன்னாலதான்ணா எங்க வீட்ல விளக்கு எரியுது" என்று என்னிடம் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

அந்த மாப்பிள்ளை ஸ்கூட்டரின் முன்னால் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூட்டையை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, மூட்டை?"

"பழைய துணி மச்சான்."

"கிடங்குல ஏது பழைய துணி?"

"சும்மா கெடந்துச்சு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. திருடன் வேறு யாராவதாக இருந்தால் கையும் களவுமாகப் பிடித்து மேலாளர் முன்னால் நிறுத்திவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்து படுத்திருப்பேன். இவரைப் பிடித்துக்கொடுத்தால் வேலை போகும். வேலை போனால் என் தங்கை குழந்தையோடு என் வாசலில்தான் வந்து நிற்பாள். கண்டும் காணாமல் விட்டால், இருபத்தொரு வருடம் நான் காப்பாற்றிய பேர் போகும். மனைவியிடம் சொன்னேன்.

"மொதல்ல அவர்கிட்டயே கேளுங்களேன்" என்றாள்.

"கேட்டேனே. பழைய துணிங்கிறார்."

"அப்ப பழைய துணியா இருக்கும்."

இவளோடு பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலையில் ஸ்டோரிலிருந்து ஒரு சின்னப் பித்தளைப் பூட்டை எடுத்து அலமாரியின் கொண்டியில் மாட்டினேன். கதவில் சிவப்பாக எழுதியிருப்பது என் கண்ணில் படாமல் இல்லை. மூன்றே நாள், எடுக்க முடியாதவன் தவிக்கிற தவிப்பைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், அப்புறம் கழற்றிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெருக்குகிற அக்கா பூட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், தொடப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். மேலாளர் அந்த வழியாக மூன்று தடவை போனார். அவர் கண்ணுக்கு வாசல் பலகையைத் தவிர எதுவும் தெரியாது.

வியாழக்கிழமை நான் எதிர்பார்த்தது நடந்தது. ஸ்டோர் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அலமாரிக்கு வந்தார். பூட்டைத் தொட்டார். ஸ்டோர் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வருகிறவர் மாதிரி இரண்டு எட்டு வைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, பம்ப் அறைக்கே திரும்பிவிட்டார். மாட்டினாயா என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், மாப்பிள்ளை வேலையில் இருக்கும்போதே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். ஸ்கூட்டரில் எட்டு நிமிட தூரம். சாவிக்கொத்து இடுப்பில், அந்தச் சின்னச் சாவி சட்டைப் பையில்.

தங்கை கதவைத் திறந்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டாள். "வாண்ணா, என்ன இந்த நேரத்துல? சாப்டியா?"

"இல்லம்மா. மாப்ளகிட்ட ஒரு ஸ்பேனர் குடுத்திருந்தேன். பின்னால ஷெட்டுல இருக்கும், எடுத்துக்கிறேன்." வாயைத் திறந்தால் பொய்.

"இரு, நான் பாத்து எடுத்துத் தர்றேன்."

"உனக்குத் தெரியாது. நீ அடுப்பப் பாரு."

"அவர்தான் ரெண்டு நாளா என் பழைய துணியெல்லாம் எடுத்துட்டுப் போறார்ணா. கிழிஞ்ச படுக்கை விரிப்பு ஒண்ணு இருந்துச்சு, அதையும் காணோம். எதுக்குன்னு கேட்டா வாயே திறக்கல" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

விரிப்புக்குப் பதில் துணியா? திருடுகிறவன் வீட்டிலிருந்து எதற்குக் கிடங்குக்குக் கொண்டு போகிறான் என்று ஒரு கணம் இடித்தது. இடித்ததைத் தள்ளிவிட்டு ஷெட்டுக்குள் போனேன்.

உடைந்த மூன்று சக்கர சைக்கிள், சுண்ணாம்பு வாளி, பழைய டயர். தார்ப்பாயைத் தூக்கினேன். அடியில் ஏழு கறுப்பு மூட்டைகள் வரிசையாக இருந்தன. மேலாக இருந்த ஒன்றின் முடிச்சை அவிழ்த்தேன். டீசல் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. எங்கள் விரிப்புதான். ஆனால் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. ஒவ்வொன்றும் குடித்துக் குடித்து ஊறிப் பழுப்பாகிக் கனத்துக் கிடந்தது.

இதை யாரும் விற்பதற்காக எடுக்கவில்லை. எங்கேயோ சொட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் சொட்டுகிறது. அதை இவர் ஒருத்தரே ஒற்றி ஒற்றி எடுத்து, கிடங்குக் குப்பையில் போட்டால் யார் கண்ணிலாவது படும் என்று வீட்டில் கொண்டுவந்து ஒளித்திருக்கிறார். இரண்டு நாளாக விரிப்பு கிடைக்காமல் என் தங்கையின் துணியால் துடைத்திருக்கிறார். ஏனென்றால் விரிப்பைப் பூட்டி வைத்துவிட்டேன் நான்.

செல்போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மச்சான், எங்க இருக்கீங்க? அலமாரி பூட்டியிருக்கு. சாவி எங்க?" அவர் இவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. "மூணாம் நம்பர் பம்ப்புல கேஸ்கட் போயிடுச்சு. பீச்சி அடிக்குது. லாரிக்கு நிரப்பிட்டிருக்கும்போதே போயிடுச்சு. பம்ப்ப நிறுத்திட்டேன், குழாய்ல நின்னதெல்லாம் முற்றத்துல ஓடுது. சல்லடைய மூடணும் மச்சான்."

"உடைங்க" என்றேன். "பூட்ட உடைங்க மாப்ள. சாவி என்கிட்ட இருக்கு. இதோ வர்றேன்."

திரும்பினால் ஷெட் வாசலில் தங்கை நின்றாள். அவிழ்ந்த மூட்டையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். "என்னண்ணா தேடுற?" என்றாள். அவளைத் தாண்டி ஸ்கூட்டருக்கு ஓடினேன்.

அந்த எட்டு நிமிடத்தில் எத்தனை வண்டியைத் தாண்டினேன், யார் யார் திட்டினார்கள் என்று தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது அலமாரிக் கதவு ஒரு பக்கம் மடங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டைக் காணோம். சல்லடைமேல் ரப்பர் பாய் விரித்து, அதன்மேல் மணல் மூட்டை ஏற்றியிருந்தது. லாரிக்காரர்கள் முற்றத்தில் மணலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பெருக்குகிற அக்கா முழங்கால் போட்டு விரிப்பை விரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, "கடப்பாரை தேடி எடுத்து வர்றதுக்குள்ள நிறைய உள்ள போயிடுச்சு" என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பின்சுவர்க் கதவு வழியாக ஓடினேன். மாப்பிள்ளை கால்வாயில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மலைப்பாம்பின் ஒரு முனையை அக்கரை வேலிக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு முனையை நான் பிடித்தேன். ஒன்றன் பின்னால் ஒன்றாக மூன்று கட்டினோம். மேற்கொண்டு வந்த எண்ணெய் அங்கே தேங்கியது. ஆனால் முன்னமே போனது போனதுதான். வளைவு வரைக்கும் தண்ணீர்மேல் வானவில் மாதிரி ஒரு படலம் மினுங்கிக்கொண்டு போவது தெரிந்தது. குழந்தைகள் பார்த்தால் அழகு என்று சொல்லும்.

"எவ்ளோ நேரம் ஆச்சு மாப்ள?"

"சல்லடைல இறங்க ஆரம்பிச்சு இருபது நிமிஷம் இருக்கும்."

நாற்பதில் இருபது போய்விட்டது. உள்ளே ஓடினேன். மேலாளர் விபத்தில்லா நாட்கள் பலகைக்கு அடியில் கையில் போனோடு நின்றார். போனை அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தார்.

"சார், நீரேற்று நிலையத்துக்குச் சொல்லியாச்சா?"

"கொஞ்சம் பொறு. குழல் போட்டாச்சில்ல? அதுவே நிக்கும். கொஞ்சூண்டு எண்ணெய்க்கு ஊரையே கூப்பிட்டுக் கிலி கிளப்ப வேண்டாம். இன்னும் பதிமூணு நாள்தான் இருக்கு."

பதிமூன்று நாள் என்று அவர் சொன்னது பலகையை. ஒழுகல் இவருக்கு முன்னமே தெரிந்திருக்குமோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் அதை விசாரிக்கிற நேரம் அதுவல்ல. சுவரில் ஒட்டியிருந்த திட்டத் தாளைப் பிய்த்து எடுத்து, அதிலிருந்த எண்ணை அழுத்தினேன். ஐந்து தடவை மணி அடித்த பிறகு ஒரு பெரியவர் எடுத்தார்.

"நீரேற்று நிலையமா?"

"அங்கதான் இருந்தேன் தம்பி. ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாச்சு. இது என் சொந்த நம்பர்."

அந்தத் தாளின் அடியில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை "சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு கையெழுத்து இருக்கும். என் கையெழுத்து. தாளை எண்ணுவேன், ஒரு தாள் இருக்கும், கையெழுத்துப் போடுவேன். ஊரையே சந்தேகப்பட்ட நான் அந்த எண்ணைச் சந்தேகப்பட்டு ஒரு தடவைகூட அழுத்திப் பார்த்ததில்லை.

பெரியவர் நல்ல மனிதர். ஏன், எதற்கு என்று கேட்காமல் புது எண்ணைச் சொன்னார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். ஒரு பெண் எடுத்தார். பதற்றமே இல்லாத குரல்.

"என்ன எண்ணெய்?"

"டீசல்."

"எவ்ளோ?"

"ஒரு பீப்பாய் இருக்கும். கூடவும் இருக்கலாம்."

"எந்த வழியா வருது, எப்ப ஆரம்பிச்சது?"

சொன்னேன். அவர் யாரிடமோ ஒரு வார்த்தை சொன்னது கேட்டது. போனில் பின்னால் இரைந்துகொண்டிருந்த மோட்டார்ச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. "நிறுத்தியாச்சு" என்றார். "இன்னொண்ணு சொல்லுங்க. இன்னைக்குத்தான் ஒழுகுச்சா, முன்னாடியே இருந்துச்சா?"

மேலாளர் என்னையே பார்த்தார். வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார்.

"முன்னாடியே இருந்துச்சு" என்றேன். "எத்தன நாளான்னு எனக்குத் தெரியாது. இருந்தது மட்டும் தெரியும்."

அப்புறம் இரண்டு நாள் ஊருக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. லாரியில் கொண்டுவந்து ஊற்றினார்கள். குடத்தோடு வரிசையில் நானும் மனைவியும் நின்றோம். "எந்தப் புண்ணியவான் பண்ணின வேலையோ" என்று முன்னால் நின்றவர் சொன்னார். மனைவி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். படலம் நீரேற்று நிலையத்தின் கம்பி வலை வரைக்கும் போயிருக்கிறது. மோட்டார் நின்றிருந்ததால் உள்ளே போகவில்லை. அந்த மட்டில் பிழைத்தோம்.

அந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலம் மாப்பிள்ளை முற்றத்துக் குழாயடியில் சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"எத்தன நாளா மாப்ள?"

"மூணு வாரம். சொட்டுதான். மேலாளர்கிட்ட அன்னைக்கே சொன்னேன். ஆயிரம் ஆகட்டும், அப்புறம் பம்ப்பப் பிரிக்கலாம், அதுவரைக்கும் துடைச்சுக்கோன்னார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

சோப்பைக் கீழே வைத்தார். "சொன்னா நீங்க நோட்டுல எழுதுவீங்க. எழுதினா எனக்கு வேலை போகும். எழுதாம விட்டா ஒருநாள் உங்களுக்குப் போகும். அதான் மச்சான்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தப் பூட்டு என் பையில இருக்கு. கதவு சிக்கிக்கிச்சுன்னு சொல்லிட்டேன். லாரிக்காரங்க யாரும் கவனிக்கல. அக்கா சொல்ல மாட்டாங்க. நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்றார்.

என் புத்தி என்ன புத்தி என்று கேளுங்கள். அந்த மனிதர் டீசலில் கால் வெந்து நிற்கிறார், என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். என் மனதில் முதலில் வந்தது, இவர் எதற்கு என்னைக் காப்பாற்றுகிறார், பதிலுக்கு என்ன கேட்கப் போகிறார் என்பதுதான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. காலைத் துடைத்துக்கொண்டு செருப்பைப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருத்தர், நீரேற்று நிலையத்திலிருந்து அந்தப் பதற்றமில்லாத குரலுக்குச் சொந்தக்காரர். நரைத்த தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. மேலாளர் முதலில் பேசினார். ஒழுகல் பற்றித் தனக்கு யாரும் சொல்லவில்லை, ஆபரேட்டர் தானாகவே மறைத்துவிட்டார் என்றார். எழுத்தில் எதுவும் இல்லையே, எழுதுகிறவனான என்னிடம் சொல்லாமல் பார்த்துக்கொண்டார்களே. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "சொன்னேன் சார்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவருக்கு அதற்குமேல் பேச வராது.

"சல்லடைய மூட ஏன் அவ்ளோ நேரமாச்சு?" என்று அந்த அம்மா கேட்டார். "கதவு சிக்கிடுச்சுன்னு இதுல இருக்கு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். சும்மா இருங்கள் என்கிற பார்வை. சும்மா இருந்திருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தாமதமும் அவர் தலையில் விழும், மறைத்ததும் அவர் தலையில் விழும், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"சிக்கல மேடம்" என்றேன். "பூட்டியிருந்துச்சு. பூட்டினது நான்."

"பூட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கே."

"தெரியும்."

"அப்புறம் ஏன் பூட்டினீங்க?"

"விரிப்பு காணாமப் போச்சு. திருடனைப் பிடிக்கலாம்னு."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "பிடிச்சீங்களா?"

கேலிக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். காது மடல் வரைக்கும் சுட்டது.

தலைமை அலுவலகத்துக்காரர் குறுக்கிட்டார். "மேலாளர்கிட்ட சொன்னதா இவர் சொல்றார். சாட்சி இல்ல. நீங்க நம்புறீங்களா?"

"நம்புறேன்" என்றேன். "எண்ணெய் போயிட்டிருக்கும்போது மேலாளர் என்கிட்ட இன்னும் பதிமூணு நாள்தான்னு சொன்னார். இதையும் எழுதிக்கோங்க." என் வாழ்க்கையில் எண்ணிப் பார்க்காமல் ஒன்றை நம்பியது அதுதான் முதல் தடவை. குற்ற உணர்ச்சியில் வந்த நம்பிக்கையா, உண்மையாகவே வந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. மேலாளரை வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். ஸ்டோர் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு வாசல் கேட்டில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஃபோர்மேன் வேலை இல்லை, ஆனால் பம்ப் அறை வேலை மிஞ்சியது. இத்தனை நாளும் என் தங்கை போன் செய்யவில்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. வேலை போகவில்லை என்ற சேதியையாவது நேரில் சொல்லலாம், சொன்னால் மனசு இளகும் என்று அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தாள். "வாண்ணா" என்றாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"மாப்ளக்கு வேலை இருக்கும்மா. எழுத்துலயே குடுத்துட்டாங்க."

"அவர் சொன்னார். நீ பேசினதையும் சொன்னார்."

உட்காரப் போனேன். அவள் உட்காரச் சொல்லவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போய் ஷெட் கதவைத் திறந்து வைத்தாள். திரும்பி வந்து அடுப்படி அலமாரியைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்து மூடியைத் தூக்கி வைத்தாள். குழந்தையின் புத்தகப் பையைக்கூட எடுத்துக் கவிழ்த்தாள். எனக்குப் புரிய அவ்வளவு நேரம் ஆகியிருக்கக் கூடாது, ஆயிற்று.

"என்னம்மா இது, போதும்."

"அன்னைக்கு அவசரத்துல பாதியிலயே போயிட்ட. இன்னைக்கு நிதானமா பாத்துக்கோ."

"உன்னை நான் ஒண்ணும் நினைக்கலம்மா."

அவள் நின்றாள். "ஷெட் என் வீட்டுதுதானேண்ணா. அதுல திருட்டுச் சாமான் இருக்கும்னு நினைச்சியே, எனக்குத் தெரியாம இருக்கும்னு நினைச்சியா, தெரிஞ்சு இருக்கும்னு நினைச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஸ்பேனர் என்று ஒரு தடவை சொன்ன வாய்தான். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதான் இருக்கும்னு நினைச்சேன்" என்றேன்.

அவள் அழவில்லை. தலையை ஒரு தடவை ஆட்டிக்கொண்டாள். அப்புறம் பீரோவின் இரண்டு கதவையும் முழுசாகத் திறந்து வைத்துவிட்டு, "பாத்து முடிச்சுட்டுக் கூப்பிடு, சாப்பாடு போடுறேன்" என்று சொல்லி அடுப்படிக்குப் போனாள்.